இரண்டாவது இணைப்பு எந்த வழியாக வருகிறது?

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மாதம் இரண்டு மூன்று முறை ஃபைபர் இணையம் நின்றுவிடுகிறது. இன்னொரு ஃபைபர் இணைப்பும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே போதுமா?

பதில்: அடுத்த முறை இணையம் நின்றதும், ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியைப் பாருங்கள். ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக மின்னினால் பெரும்பாலும் வெளியே கேபிளில் கோளாறு. எந்த விளக்கும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பெட்டிக்கு மின்சாரமே வரவில்லை. கேபிள் செருகிய கணினியில் இணையம் வந்து, கைப்பேசியில் மட்டும் வரவில்லை என்றால் குறை வைஃபையில் இருக்கிறது. அதற்கு இன்னொரு இணைப்பு வாங்குவது வீண்செலவு.

கோளாறு வெளியேதான் என்றாலும், இன்னொரு ஃபைபரை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு நிறுவனங்களின் கேபிள்களும் பல தெருக்களில் ஒரே கம்பத்தில்தான் தொங்குகின்றன. உயரமான லாரி ஒன்று உரசினால் இரண்டும் சேர்ந்தே அறுந்துவிடும். மொபைல் வழியே நல்லது. ஆனால் சிம் வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு முடங்கியபோது, அதன் வீட்டு இணையமும் கைப்பேசிச் சேவையும் ஒன்றாகவே நின்றன.

அரை மணி, ஒரு மணி நேரத் தடைக்கு ஹாட்ஸ்பாட் போதும். நீங்கள் வெளியே போனால் கைப்பேசியும் கூடவே போய்விடும் என்பதுதான் சிக்கல். வீட்டில் மற்றவர்களும் இணையத்தை நம்பியிருந்தால், 4ஜி அல்லது 5ஜி இணைப்புக்குத் தானாக மாறும் ரவுட்டர் வாங்குங்கள்.

அதில் ஓர் அமைப்பைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ஃபைபர் அறுந்தாலும் ஓ.என்.டி.க்கும் ரவுட்டருக்கும் இடையிலான லேன் கேபிள் உயிரோடுதான் இருக்கும். அதை மட்டும் பார்க்கும் ரவுட்டர், எல்லாம் நலம் என்று நினைத்து மாறாமலே இருந்துவிடும். 1.1.1.1, 8.8.8.8 போன்ற வெளி முகவரிகளுக்கு ‘பிங்’ (பதில் வருகிறதா என்று சோதிக்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்க்கும்படி அமையுங்கள். இரண்டு முகவரிகளும் பதில் தராதபோது மட்டும் மாறட்டும். மாறும் நேரத்தில் ஐ.பி. முகவரியும் மாறுவதால், அலுவலக வலையமைப்போடு இணைக்கும் வி.பி.என். ஒருமுறை அறுந்து மீண்டும் இணையக்கூடும்.

டேட்டாவிலும் கவனம் வேண்டும். வீடியோ அழைப்புக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். பின்னணியில் ஓடும் அப்டேட்டுகள் அதைவிட அதிகமாகவே விழுங்கிவிடலாம்.

மின்தடைதான் காரணம் என்றால் முதலில் ஒரு மினி யு.பி.எஸ். வாங்குங்கள். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது. ஓ.என்.டி.யும் ரவுட்டரும் சேர்ந்து 20 வாட் எடுத்தால், மூன்று மணி நேரத்துக்கு 60 வாட்-மணி தேவை. இழப்பையும் கணக்கில் கொண்டு 75 அளவில் பாருங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு பலரும் லேன் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது எளிய சோதனை; உண்மையான கோளாறில் லேன் கேபிள் உயிரோடுதான் இருக்கும். அதனால் ஓ.என்.டி.யில் செருகியிருக்கும் ஃபைபர் முனையை மெதுவாகக் கழற்றுங்கள். அதை மடிக்காதீர்கள், நுனியைத் தொடாதீர்கள், அதற்குள் உற்றுப் பார்க்கவும் வேண்டாம். பத்து நிமிடம் வேலையைத் தொடருங்கள். பிறகு மீண்டும் செருகி, ரவுட்டர் தானாகவே ஃபைபருக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் சிம்மில் உள்ள டேட்டா உங்களுக்குத் தெரியாமலே கரைந்துகொண்டிருக்கும்.