உறைப்பும் கைப்பும்

வணக்கம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்காவின் மகள் (7 வயது) எங்கள் ஆட்டிறைச்சிக் கறியை வாயில் வைத்ததும் அழுதுவிட்டாள். "வெளிநாட்டில பிறந்தது, இரத்தம் மாறிப்போச்சு" என்கிறார் மாமி. அதே கறியை ஆசையாகச் சாப்பிடும் என் மகன் (5 வயது) பாவற்காயைக் கண்டால் ஓடுகிறான். சுவை பிறப்பிலா, பழக்கத்திலா?
வாசகி, கொக்குவில்

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு பிள்ளைகளின் சங்கதியும் ஒன்றல்ல.

உறைப்பு நாக்கின் சுவையே இல்லை. மிளகாயிலுள்ள கப்சேசின், 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு வாங்கியைத் தூண்டுகிறது. "வாய் எரியுது" என்று நாம் சொல்வது அதனால்தான். அந்த வாங்கி மாமிக்கும் உண்டு, அந்தப் பிள்ளைக்கும் உண்டு. மாமிக்கு அது ஆண்டுக்கணக்காகப் பட்டுப் பட்டு மரத்திருக்கிறது.

இரத்தம் என்ற பேச்சுக்கு வரலாறும் இடம் கொடாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492இல் அங்கு போய்ச் சேர்ந்த பிறகு, போர்த்துக்கேயர் வழியாகவே நம் பக்கம் வந்தது. பிள்ளை பெற்ற தாய்க்கு இன்றும் வைக்கும் சரக்குக்கறியைப் பாருங்கள்: மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி. செத்தல் மிளகாய் இல்லை. உறைப்பு மிளகிலிருந்து வருகிறது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பின்லாந்து இரட்டையர்களிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வு, உறைப்பு பிடிப்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று காட்டியது. ஆனால் அது அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையிலான கணக்கு. அதை வைத்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு நாக்கு, கனடாவுக்கு ஒரு நாக்கு என்று பிரிக்க முடியாது. "நீ எங்கட ஆள் இல்லை" என்று ஒரு பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லக்கூடாது.

அவளுக்குச் சொதியில் தொடங்குங்கள். பச்சை மிளகாயைக் கீறி, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை வழித்தெடுங்கள். உறைப்பு கூடுதலாக இருப்பது அதில்தான். பிறகு உருளைக்கிழங்குக் கறி: 250 கிராம் கிழங்குக்குக் கால் தேக்கரண்டி கறித்தூள், முக்கால் தேக்கரண்டி வறுத்த மல்லித்தூள், அரைக் கோப்பை முதற்பால். விருப்பமாகச் சாப்பிட்டால், ஒரு வாரம் விட்டு மல்லியில் கால் தேக்கரண்டி குறைத்துக் கறித்தூளில் கூட்டுங்கள். எரிகிறது என்றால் தண்ணீர் கொடுக்க வேண்டாம். கப்சேசின் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவும். தயிரோ பாலோ கொடுங்கள்.

கைப்பு அப்படியல்ல. பிறந்த குழந்தையும் கைப்புக்கு முகம் சுளிக்கும். நஞ்சிலிருந்து காக்க உடம்பு வைத்திருக்கும் காவல் அது. 1931இல் ஆதர் ஃபொக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுகூடத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவருக்கு அது கடுங்கைப்பு, ஃபொக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்குரிய மரபணு 2003இல் பிடிபட்டது. கோவாவின் (முட்டைக்கோசின்) கைப்பு சிலருக்குத் தூக்கலாகத் தெரிவதிலும் அதற்குப் பங்குண்டு. ஆனால் நமக்குக் கைப்பு வாங்கிகள் ஏறத்தாழ 25 வகை. பாவற்காயை அந்த ஒரு மரபணுவின் தலையில் கட்டிவிடாதீர்கள். சிறுவர்களுக்குப் பெரியவர்களை விடக் கைப்பு கூடுதலாகவும் தெரியலாம். மகன் நடிக்கவில்லை என்றே நம்புங்கள்.

அரைக் கிலோ பாவற்காயை மெல்லிய வட்டமாக அரிந்து, ஒரு மேசைக்கரண்டி உப்புப் பிரட்டி அரை மணித்தியாலம் வையுங்கள். ஒருமுறை கழுவி, இறுக்கிப் பிழியுங்கள். பிழியாவிட்டால் பொரியாமல் எண்ணெய்க்குள் அவிந்து தொளதொளத்துப் போகும். பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும். கருகினால் கைப்புக்கு மேல் கைப்பு. சின்ன வெங்காயம், தேசிக்காய்ப்புளி, முதற்பால் சேர்த்துச் சாப்பிடும் நேரத்தில்தான் சம்பலாகக் கலக்க வேண்டும், முன்பே கலந்தால் மொறுமொறுப்புப் போய்விடும். பாவற்காய் உப்பிலேயே ஊறியதால் சம்பலுக்கு உப்பு போடமுன் ருசி பாருங்கள்.

மகனின் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரேயொரு வட்டம் வையுங்கள். வெவ்வேறு நாட்களில் எட்டுப் பத்துத் தடவை வைத்தபின்தான் பல பிள்ளைகள் ஒரு புதுச் சாப்பாட்டை ஏற்பார்கள். அதட்டவும் வேண்டாம், சோற்றுக்குள் ஒளித்து வைக்கவும் வேண்டாம். கண்டுபிடித்தானென்றால் அடுத்த நாள் சோற்றையும் கிளறிப் பார்ப்பான்.