பள்ளிச் சுவரில் வரையப்போகும் கடல்

மதிப்பிற்குரிய ஐயா,

மண்டபம் பகுதியில் ஒரு கடலோர அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைக் கொண்டு, எங்கள் வட்டார வரலாற்றையும் உயிரினங்களையும் பள்ளிச் சுற்றுச்சுவரில் வரையத் திட்டமிட்டிருக்கிறோம். செலவை ஏற்கும் ஊரார், வெளியூர் ஓவியர் ஒருவர் கோடு போட்டுக் கொடுக்கட்டும், பிள்ளைகள் வண்ணம் மட்டும் தீட்டட்டும், அப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்கிறார்கள். வரலாற்றுக்கு ஒரு பக்கம், உயிரினங்களுக்கு ஒரு பக்கம் என்று சுவரைப் பிரித்துக்கொள்ளலாமா என்பதும் என் ஐயம். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓர் ஓவிய ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடு பிள்ளைகளுடையதாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, உங்கள் மாவட்டத்து அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில், கப்பலின் உருவம் கீறப்பட்ட பானை ஓடு ஒன்று கிடைத்தது. ரோமானியரோடு வணிகம் நடந்த காலத்தைச் சேர்ந்த அந்த ஓட்டில் இருப்பவை மிக எளிய கீறல்கள்தாம். ஆனாலும் கப்பலைப் பார்த்துப் பழகிய கண்ணின் கீறல்கள் என்பதால், அது எந்த வகைக் கப்பல் என்று அறிஞர்கள் இன்று ஆராய்ந்து சொல்ல முடிகிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கண் இருக்கிறது. வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழித்தெடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அதன் கடைசிக் கால்கள் துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கைபேசிப் படத்தைப் பார்த்து வரையும் வெளியூர்க்காரர் அந்தக் காலைத்தான் முதலில் தவறவிடுவார்.

பிள்ளைகள் பார்த்திராத உயிர்களும் உண்டு. கடற்பசு எனப்படும் ஆவுளியாவை அவர்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதை வரையும் முன் கடலுக்குப் போய்வந்த தாத்தாக்களைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். மீனின் வால் செங்குத்தாக நிற்கும், ஆவுளியாவின் வால் ஓங்கிலுக்கு (டால்பினுக்கு) இருப்பதுபோல் படுக்கையாக விரிந்திருக்கும். முதுகில் துடுப்பு கிடையாது. நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு விடுவதால் நாசித் துளைகள் முகத்தின் மேற்புறத்தில் இருக்கும். அது மேயும் கடற்புல்லையும் மறவாமல் வரையச் சொல்லுங்கள், ஏனென்றால் புல் அழிந்த இடத்தில் ஆவுளியா தங்காது. தனுஷ்கோடிப் பக்கம் வலசை வரும் பூநாரைகளையும் குளிர்காலத்தில் நேரில் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

சுவரைப் பிரிக்க வேண்டாம். உங்கள் கரையில் வரலாறும் உயிரினமும் ஒரே கல்லில் இருக்கின்றன என்பதை மிகைப்படுத்தாமலேயே சொல்லலாம். பவளப்பாறையை வெட்டியெடுத்து வீடு கட்டியதும், சுண்ணாம்புக்காகக் காளவாசலில் இட்டுச் சுட்டதும் நம் மூத்த தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள் இருந்தன. அவற்றில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லித் தீவும் பின்னர் நீருக்குள் போயின. பவளப்பாறையைத் தோண்டியதே அதற்குப் பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. பழைய வீட்டுச் சுவர் ஒன்றில் அந்தக் கல்லின் நுண்ணிய துளைகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கட்டும். பின்பு, மூழ்கிய தீவையும் அதன் கல்லில் எழுந்த வீட்டையும் ஒரே படத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே யோசிக்கட்டும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பாம்பன், சின்னப்பாலம் பெண்களுக்கும் அந்தச் சுவரில் சேதுபதிகளுக்குச் சமமான இடம் வேண்டும். பிள்ளைகள் பலருக்கு அவர்கள் அம்மாவோ அப்பத்தாவோ ஆவார்கள்.

முடிந்தால் வரையத் தொடங்கும் முன்பே பிள்ளைகளைச் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் போரும் கொலுவும் இராமாயணமும் ஒரே மாளிகையில் அடுத்தடுத்து இடம்பெற்றிருப்பதைப் பார்த்தால், உங்கள் ஐயத்துக்குப் பிள்ளைகளே விடை சொல்வார்கள்.

அழகுக்காகப் பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்கிச் சுவரில் பதிக்க வேண்டாம். அவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் அங்கேயே கிடக்கட்டும். கடற்கரைச் சுவரில் உப்புப் பூக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவரில் அவசரப்பட்டு வண்ணம் பூசினால் கோடைக்குள் கொப்புளித்து உரிந்துவிடும். தை பிறந்து சுவர் நன்றாகக் காய்ந்த பின், பூத்த உப்பைச் சுரண்டியெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஊரார் சொல்லும் ஓவியரையும் விலக்க வேண்டியதில்லை. தாளில் பிள்ளைகள் வரைந்ததைக் கட்டம் போட்டுச் சுவரளவுக்குப் பெரிதாக்கவும், வண்ணம் கலக்கவும் அவர் கற்றுத் தரட்டும். அதற்குரிய கூலியையும் குறைவில்லாமல் கொடுங்கள். வால் தவறு, கால் தவறு என்பதையெல்லாம் தாளிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வந்த பிறகு, பிள்ளையின் கோட்டின் மேல் அவரும் கை வைக்க வேண்டாம், நீங்களும் வைக்க வேண்டாம்.