விண்டோஸ் ரெய்டு முறையில் இருக்கிறது, உபுண்டு நிறுவ பயாஸில் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றினால் நீலத் திரை வருகிறது. என்ன செய்வது?

டிஸ்க்கை ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள். ரெய்டு, ஏ.எச்.சி.ஐ. இரண்டும் கணினி டிஸ்க்கோடு பேசும் முறைகள். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதற்காக பயாஸில், அதாவது கணினியைத் தொடங்கும்போது நுழையும் அமைப்புத் திரையில், ரெய்டை ஏ.எச்.சி.ஐ.யாக மாற்றியதாகச் சொல்கிறீர்கள். மறுபடி ரெய்டுக்கே திருப்பி வையுங்கள், விண்டோஸ் பழையபடி எழுந்துவிடும். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். கல்லூரி ப்ராஜெக்ட் முழுவதையும் அதில் வைத்திருக்கும் பிள்ளைகள், "டிஸ்க் போய்விட்டதாம் அண்ணா" என்று முகம் வாடி வந்து நிற்பார்கள். திரையில் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று இருக்கும். முறையை மாற்றியவுடன் இது வந்திருந்தால் டிஸ்க்கில் கோளாறு இல்லை. நிறுவும்போது எந்த முறை இருந்ததோ அதற்குரிய டிரைவரைத்தான் விண்டோஸ் தொடக்கத்தில் ஏற்றும். மற்றதை ஒதுக்கி வைத்துவிடும். முறை மாறினால் டிஸ்க் அதன் கண்ணுக்கே தெரியாது.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், முதலில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பயாஸில் கைவைத்தால் பிட்லாக்கர் சாவி கேட்கக்கூடும். விண்டோஸ் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் பின் எண் ஏற்கப்படாமல் போவதுண்டு. பிறகு சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் எழுவதற்குள் பயாஸுக்குள் நுழைந்து ஏ.எச்.சி.ஐ.யைத் தேர்வு செய்யுங்கள். சேஃப் மோடில் எழும்போது அதற்கான டிரைவர் ஏறிவிடும். அந்த டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது.

வேகம் கூடும் என்று நினைத்து மாற்றாதீர்கள். ஒரே எஸ்.எஸ்.டி. உள்ள லேப்டாப்பில் ரெய்டுக்கும் ஏ.எச்.சி.ஐ.க்கும் கையில் உணரும்படி வித்தியாசம் இருக்காது. ஐ.டி.இ. வேறு கதை. அது எக்ஸ்பி காலத்து முறை. ஏ.எச்.சி.ஐ. சாட்டா டிஸ்க்குக்கு 32 கட்டளைகள் வரை வரிசையில் கொடுத்து வைக்கும்; ஐ.டி.இ.யில் அந்த வசதி இல்லை. பழைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. போட்டிருப்பவர்கள், முறை ஐ.டி.இ.யில் இருக்கிறதா என்பதை மட்டும் அவசியம் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கோடு, அதை வேகப்படுத்தும் இன்டெலின் ஆப்டேன் மெமரி சேர்ந்த மாடல் என்றால், விண்டோஸுக்குள்ளேயே ஆப்டேனை நிறுத்திய பிறகுதான் பயாஸைத் தொட வேண்டும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் இந்த ரெய்டு அமைப்பு பயாஸில் வி.எம்.டி. என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே காட்டவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் அதுதான். இந்த முறைக்கான இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரைப் பென்டிரைவில் போட்டு 'லோடு டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் பட்டியலில் வந்துவிடும்.