தங்கம் தேடும் குட்டிக் கம்பெனியின் பங்கில் ஒரு லட்சம் போடலாமா?

நான் போட்டேன், ஒன்றரை லட்சம். இன்றைக்கு அதன் மதிப்பு 11 ஆயிரத்துக்கும் கொஞ்சம் கீழே.

கேட்டவர், ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடும் ஒரு கம்பெனி துளை போட்டதில் நல்ல முடிவு வந்திருக்கிறது, இப்போது நுழையலாமா என்று கேட்கிறார். அந்தக் கம்பெனியை எனக்குத் தெரியாது. நான் மாட்டிய கதையைச் சொல்கிறேன்.

2021, சம்பா நெல் விற்ற பணம் கையில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் அத்தை மகன் போன் செய்து, அங்கே தங்கம் தேடும் ஒரு கம்பெனியைச் சொல்லி, "மச்சான், ஒரு பங்கு 11 ஆஸ்திரேலிய சென்ட்தான், அள்ளிப் போடு" என்றான். போட்டேன். மூன்றே வாரத்தில் அறிவிப்பு வந்தது: ஒரு துளையில் 6 மீட்டர் நீளத்துக்கு டன் பாறைக்குச் சராசரி 9 கிராம் தங்கம், அதற்குள் 1 மீட்டரில் 50 கிராம். பங்கு 19 சென்ட்டுக்குப் போனது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அந்த வரியை இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மீட்டர், ஒன்பது ஒன்பதாக 54. அதில் ஒரே மீட்டர் 50-ஐ எடுத்துக்கொண்டது. மீதி 5 மீட்டருக்கு 4, அதாவது டன்னுக்கு 0.8 கிராம். ஒரு மெல்லிய கீற்றை ஆறு மீட்டருக்குத் தடவிக் காட்டியிருக்கிறார்கள். பொய் இல்லை, விதிப்படி எல்லாவற்றையும் எழுதித்தான் இருந்தார்கள். படித்தவனுக்குத்தான் கண் தெரியவில்லை.

மன்னார்குடிப் பக்கம் போர் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மேஸ்திரி பத்தடிக்கு ஒரு கை மண் எடுத்துச் சாக்கின் மேல் வரிசையாகக் குவித்து வைப்பார். களி, நைஸ் மணல், மறுபடி களி, அப்புறம் தண்ணீர் தரும் குருமணல். குருமணல் வந்த ஆழத்தில் ஃபில்டர் நிற்கிற மாதிரி குழாயை இறக்குவார்கள். பக்கத்து வயலில் அதே ஆழத்தில் வெறும் களி வரும். குவியலைப் பார்த்து ஒரு மோட்டார் வாங்கலாம், ஊரையே வாங்க முடியாது என்று எங்களுக்குத் தெரியும். பாறைக்கு மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

டன்னுக்கு 1 கிராம் என்றால் ஒரு பவுனுக்கு 8 டன் பாறை. கொள்முதல் நிலையக் கணக்கில் 40 கிலோ சிப்பம் 200. அத்தனையையும் உடைத்து அரைத்து எடுத்தால்தான் ஒரு பவுன், அதிலும் சேதாரம் போக. திறந்தவெளிச் சுரங்கத்தில் இதுவே லாபமாக வரலாம் என்பதும் உண்மைதான்.

சரி, என் பணம் எங்கே போனது? தங்கம் இல்லாமல் போகவில்லை. 19 சென்ட் வந்து இரண்டு வாரத்தில் வர்த்தகத்தை நிறுத்தி வைத்தார்கள். திறந்தபோது செய்தி: பெரிய ஆட்களுக்கு 12 சென்ட்டுக்குப் புதுப் பங்குகள், இரண்டு பங்குக்கு ஒரு ஆப்ஷன் (பின்னால் குறித்த விலைக்கு இன்னொரு பங்கு வாங்கும் உரிமை) இலவசம். இந்தக் கம்பெனிகளுக்கு விற்பனை, வருமானம் எதுவும் கிடையாது. துளை போடும் காசு புதுப் பங்கு விற்றுத்தான் வரும். அடுத்த வருஷம் 5 சென்ட்டுக்கு ஒரு தடவை, அப்புறம் 2-க்கு. கடைசியில் 20 பங்கை ஒன்றாகச் சேர்த்தார்கள். போர் போட்டது கம்பெனி, கூலி கொடுத்தது நான்.

ஆஸ்திரேலியச் சந்தையில் இருக்கும் தேடல் கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணக் கணக்கு தர வேண்டும். அதன் கடைசிப் பக்கங்களில், கையிருப்பு எத்தனை காலாண்டுக்கு வரும் என்று ஒரு எண் இருக்கும். என்னுடையதில் 1.4. இரண்டுக்குக் குறைந்தால் பணத்துக்கு என்ன வழி என்று விளக்கமும் எழுத வேண்டும். அதை நான் திறந்து பார்த்தது இரண்டாம் வருஷம். நீங்கள் முதலில் அதைத் திறங்கள். ஆசை அடங்கவில்லை என்றால், புதுப் பங்கு விற்றுப் பணம் திரட்டி முடித்த பிறகு, அந்த விலைக்கோ அதற்குக் கீழோ வாங்குங்கள்.

கனிமம் இருப்பது வேறு, சுரங்கம் வருவது வேறு. எங்கள் காலடியிலேயே பழுப்பு நிலக்கரி இருக்கிறது. 2023 ஏப்ரலில் வடசேரி உள்பட மூன்று நிலக்கரிச் சுரங்கத் தொகுதிகள் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து டெல்டாவே கொதித்தது, சில நாளில் நீக்கிவிட்டார்கள். விவசாயியாக எனக்கு நிம்மதி. அதை நம்பிப் பணம் போட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் யோசித்தேன்.

மோசடி தனி ரகம். கனடாவின் பிரெ-எக்ஸ் கம்பெனி, இந்தோனேசியாவின் புசாங்கில் மலை மலையாகத் தங்கம் என்றது. மாதிரிப் பாறையில் பாதியைப் பின்னால் சரிபார்க்க எடுத்து வைப்பது வழக்கம். அங்கே முழுவதையும் அரைத்துவிட்டார்கள். மாதிரியில் வெளித் தங்கத்தைத் தூவியது 1997-ல் வெளிவந்தது.

இன்னொன்று, வெளிநாட்டுப் பங்கு வைத்திருந்தால் வருமான வரிப் படிவத்தில் அதற்கென்று தனி அட்டவணை நிரப்ப வேண்டும். என் ஆடிட்டர் அதற்கு மட்டும் வருஷம் 3,000 ரூபாய் வாங்குகிறார். இந்த ஜூலைக்குள் விற்றுவிடலாம் என்றிருக்கிறேன், வாங்க ஆள் வந்தால்.