பேய் எங்கே?

அன்புள்ள அண்ணா,

சென்ற மாதம் அதிகம் பேசப்படாத சில திகில் படங்களையும் விஞ்ஞானப் புனைகதைப் படங்களையும் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். மன்னிக்க வேண்டும், பாதிக்கு மேல் ஏமாற்றம். 'லேக் மங்கோ'வில் ஒன்றரை மணி நேரம் ஒரு குடும்பம் கமராவைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே இருக்கிறது. பேய் எங்கே? 'பொன்ரிபூல்' படத்தில் வானொலி நிலையத்தை விட்டுக் கதை வெளியே போவதே இல்லை. சொல்லால் நோய் பரவுகிறது என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'பிரைமர்' ஒரு வரிகூட விளங்கவில்லை. 'கொஹியரன்ஸ்' பரவாயில்லை, ஆனால் அதுவும் ஒரு சாப்பாட்டு மேசைதான். 'செஷன் 9' மட்டும்தான் உண்மையான பேய்ப்படமாகப் பட்டது. பாழடைந்த அந்தக் கட்டடமே போதும்.

காசில்லாமல் எடுத்தார்கள் என்பதற்காகவே இப்படிப்பட்ட படங்களுக்குக் கூடுதலாகப் புள்ளி போடுகிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. அம்மா வேறு, இரவில் இந்தக் கண்றாவிகளைப் பார்க்காதே என்று ஏசுகிறா. அவவோடு சேர்ந்து பார்க்கக்கூடியதாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

சி., வெள்ளவத்தை

அன்புள்ள சி.,

முதலில் 'பிரைமர்'. நான் அதை நான்கு முறை பார்த்திருக்கிறேன். நான்காவது முறை கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். யார் எப்போது அந்தக் காலப்பயணப் பெட்டிக்குள் போனான், எத்தனை பேராக வெளியே வந்தான் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போனால், அரைவாசியில் கொப்பி பூனை விளையாடிய நூல்பந்து மாதிரி ஆகிவிட்டது. ஆகவே உங்களில் பிழை இல்லை. 7,000 டொலரில் எடுத்த 77 நிமிடப் படம் அது. எழுதி, இயக்கி, நடித்து, தொகுத்து, இசையும் போட்டவர் ஷேன் கரூத் என்ற ஒரே ஆள். 2004இல் சன்டான்ஸ் விழாவில் நடுவர்களின் பெரிய பரிசு கிடைத்தது. அதில் வரும் பொறியியலாளர்கள் எங்களுக்காக ஒரு சொல்லையும் இலகுவாக்காமல் தங்கள் தொழில் பாஷையிலேயே பேசிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கும். ஆனால் புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு அதைப் பட்டியலில் முதலாவதாகத் தந்தது என் பிழை. அதை விடுங்கள்.

காசு விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயம். புள்ளி போடக்கூடாதுதான். நான் பார்த்த சின்னப் படங்களில் முக்கால்வாசி குப்பை. ஒரு காலத்தில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாக டிவிடி கடைகள் இருந்தன. உறையில் பல்லும் நகமுமாக ஒரு உரு நிற்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் உள்ளே வேறு படம் இருக்கும். இல்லையென்றால் அதே படம்தான் இருக்கும், அந்த உரு கடைசி இரண்டு நிமிடம் ரப்பர் முகமூடியோடு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். இரண்டாவதுதான் கூடக் கவலை.

ரப்பர் முகமூடிக்கும் காசில்லை, அது வேண்டவும் வேண்டாம் என்று ஒரு இயக்குநர் முடிவெடுத்துவிட்டால், அவர் கையில் மிஞ்சுவது சத்தம். ஒரு குரல், ஒரு தொலைபேசி மணி, பக்கத்து அறையில் கதிரை இழுபடுகிற ஓசை. நான் எழுதிய படங்களில் பல இப்படிக் காதை நம்பி எடுத்தவை. நீங்கள் கண்ணை வைத்துக்கொண்டு பேயைத் தேடியிருக்கிறீர்கள்.

'செஷன் 9' உங்களுக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. மசசூசெட்ஸில் உண்மையாகவே கைவிடப்பட்டுக் கிடந்த டான்வர்ஸ் மனநல மருத்துவமனைக்குள் போய் எடுத்தார்கள். 2001இல் வந்த படம். பாதி நடிப்பைக் கட்டடமே நடித்துக் கொடுத்துவிட்டது. என்றாலும் யோசித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்கு ஞாபகம் இருப்பது அந்த நீண்ட நடைபாதையா, இல்லை பழைய ஒலிநாடாவில் ஒரு நோயாளிப் பெண்ணின் வாயிலிருந்து மாறி மாறி வரும் குரல்களா? எனக்குக் குரல்கள்தான். கடைசியில் எல்லாவற்றையும் கண்ணுக்குக் காட்டத் தொடங்கியதும் படம் தொய்ந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

'கொஹியரன்ஸ்' பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். ஜேம்ஸ் வார்ட் பிர்கிட் தன் சொந்த வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்தது. 2013இல் வந்தது. நடிகர்களுக்கு முழு வசனம் கொடுக்கவில்லை. அன்றன்றைக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு குறிப்புச் சீட்டு, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாது. அதனால் கதவு தட்டப்படும்போது அவர்கள் திடுக்கிடுவதில் ஒரு பங்கு நிஜம். வால்வெள்ளி ஒன்று கடந்துபோகிற இரவு, எட்டுப் பேர் விருந்துக்குக் கூடியிருக்கிறார்கள், கரண்ட் போகிறது. வெளியே பார்த்தால் ஊர் முழுக்க இருட்டு, தூரத்தில் ஒரேயொரு வீட்டில் மட்டும் வெளிச்சம்.

முதல்முறை பார்த்தபோது கெட்டிக்காரப் படம் என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். இரண்டாம் முறை பார்த்தது 2022இல். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஊரை ஏ, பி, சி என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து அட்டவணை போட்டிருந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்கு ஒரு எழுத்து, அடுத்த ஒழுங்கைக்கு வேறு எழுத்து. லிஃப்ட் ஓடாத தொடர்மாடியில் ஐந்து மாடி ஏறி வந்து, மடிக்கணினியில் மிச்சமிருந்த பற்றரிக்குப் படத்தைப் போட்டேன். அந்த ஒற்றை வீட்டு வெளிச்சம் வருகிற கட்டத்தில் தற்செயலாகப் பால்கனிப் பக்கம் திரும்பினேன். கடற்கரைப் பக்கம் முழுக்கக் கறுப்பு. எதிர்த் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் மட்டும், ஜெனரேற்றரோ என்னவோ, குழல்விளக்கு எரிந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எழும்பி யன்னலடிக்கு வந்து நேரே என் பக்கம் பார்த்தார். நான் இருட்டில்தானே இருக்கிறேன், என்னைத் தெரிய வழியில்லை என்று நினைத்தேன். மடிக்கணினியின் வெளிச்சம் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. படக்கென்று மூடினேன். மிச்சப் படத்தை அடுத்த நாள் மத்தியான வெயிலில் பார்த்து முடித்தேன்.

இனி நீங்கள் சிரித்த படம். 'பொன்ரிபூல்' 2008இல் வந்தது, இயக்கியவர் புரூஸ் மக்டொனால்ட். எங்கள் பாதிச் சொந்தம் குடியிருக்கிற அதே ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு சிற்றூர். பனி கொட்டுகிற விடியற்காலை. ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வானொலி நிலையம். ஒரு அறிவிப்பாளர், தயாரிப்பாளர், உதவிக்கு ஒரு இளம்பெண். வெளியே நடப்பதெல்லாம் தொலைபேசி வழியாகத்தான் உள்ளே வருகிறது. வானத்திலிருந்து நிலவரம் சொல்கிற ஹெலிகொப்டர் செய்தியாளர் ஒருவர் இருக்கிறாரே, அவர் பறப்பதே இல்லை. மேட்டில் காரை நிறுத்திவிட்டு, ஹெலிகொப்டர் சத்தத்தை ஓடவிட்டுக்கொண்டு பேசுகிற ஆள். முதலில் இது பகிடி. பிறகு அதே குரல் மூச்சு வாங்கிக்கொண்டு, தான் கண்டதைச் சொல்லமுடியாமல் தடுமாறும்போது, அந்த ஆளுக்குத் தப்பி ஓடச் சிறகில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு காட்சியும் காட்டாமல் இதைச் செய்கிறார்கள்.

நோய் ஆங்கிலச் சொற்களில் இருக்கிறது, அதிலும் அன்பாகக் கூப்பிடுகிற சொற்களில். சொல் காதில் விழுந்து அர்த்தம் உறைத்தால் தொற்றும். ஆகவே அறிவிப்பாளரும் தயாரிப்பாளரும் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கதைத்துத் தப்பப் பார்க்கிறார்கள். வேறு ஊரில் பிறந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். எங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை ஒன்று இருக்கிறது. 1983 கலவரத்தில் வழிமறித்தவர்கள், ஆள் தமிழரா என்று அறிய, வாளியைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேட்பார்களாம். சிங்களத்தில் வாளிக்குப் 'பால்திய'. அந்த முதலெழுத்து, 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற 'ப'. பயந்துபோன தமிழ் வாயில் அது 'பழம்' என்று சொல்லும்போது வருகிற 'ப' ஆகிவிடும். எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. 1958இலும் இதே சோதனை இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு பல வருடம் என் பெரியப்பா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தச் சொல்லைத் தனியே சொல்லிப் பார்ப்பாராம். பெரியம்மா இதைப் பகிடியாகத்தான் சொல்லுவா, நாங்களும் சிரித்தோம்.

யுத்த காலத்தில் பஸ்ஸில் போகும்போது வீட்டிலிருந்து போன் வந்தால், 'ம்', 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தவர்கள் எத்தனை பேர். அம்மாவை 'அம்மா' என்று கூப்பிடலாம், அது சிங்களத்திலும் அம்மாதான். அதற்கு மேல் ஒரு சொல் வந்தால் முன் இருக்கைத் தலை திரும்பும். அந்த அறிவிப்பாளர் பிரெஞ்சில் ஒரு வினைச்சொல்லைத் தேடித் திக்கித் திணறுகிற காட்சியில் எனக்கு ஞாபகம் வந்தது பூட்டிய குளியலறைக் கதவு. இயக்குநர் இதையெல்லாம் நினைத்து எடுக்கவில்லை. அவருக்கு எங்கள் வாளியைத் தெரியாது.

'லேக் மங்கோ' என் காது வாதத்துக்கு ஒத்துவராத படம், ஒத்துக்கொள்கிறேன். அவுஸ்திரேலியாவில் ஜோயல் அண்டர்சன் எடுத்தது, அதுவும் 2008தான். அராரட் என்ற ஊரில் 16 வயதுப் பிள்ளை நீரில் மூழ்கி இறக்கிறாள். பிறகு வீட்டார் அவளைப் பற்றிக் கமராவுக்குச் சொல்கிறார்கள். ஆவணப்படம் போலவே இருக்கும். எழுதிக் கொடுத்த வசனம் இல்லாமல் நடிகர்கள் அந்தந்த நேரத்தில் பேசியது. பேய் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழும்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். திரும்பப் போட்டு, எழுத்தெல்லாம் ஓடி முடியும்வரை இருங்கள். முதலில் பார்த்த சில காட்சிகளை அங்கே இன்னொரு தடவை காட்டுவார்கள். இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

அம்மாவோடு பார்ப்பதற்கு 'அண்டர் த ஷாடோ'. பாபக் அன்வாரி இயக்கி 2016இல் வந்தது. 1988, தெஹ்ரான், ஈராக்கிலிருந்து ஏவுகணைகள் விழுந்துகொண்டிருக்கின்றன. கணவன் போர்முனைக்கு அழைக்கப்பட்ட வைத்தியர். தொடர்மாடியில் ஒரு தாயும் சின்ன மகளும். யன்னல் கண்ணாடிகளில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டியிருக்கிறது. சைரன் ஊதினால் எல்லோரும் நிலவறைக்கு ஓடுகிறார்கள். ஒரு ஏவுகணை மேல்மாடிக் கூரையை உடைத்துக்கொண்டு வந்து வெடிக்காமல் கிடக்கிறது, அதோடு ஜின்னும் வந்துவிட்டது என்கிறார்கள். அயலவர்கள் ஒவ்வொரு வீடாகக் கிளம்பிப் போகிறார்கள். மகள் தன் பொம்மை கிடைக்காமல் வரமாட்டேன் என்கிறாள்.

2007இல் உலகக்கிண்ண இறுதியாட்டம் நடந்த இரவு நீங்கள் சின்னப்பிள்ளையாக இருந்திருப்பீர்கள். ஏப்ரல் 28 இரவு தொடங்கிய ஆட்டம், நடுச்சாமம் தாண்டியும் கொழும்பே விழித்திருந்தது. திடீரென்று ஊர் முழுக்க விளக்கு அணைந்தது. புலிகளின் விமானங்கள் வந்திருந்தன. நாங்கள் யன்னலடியில் போய் நின்றோம். வானத்தில் சிவப்புச் சிவப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு சுட்டார்கள். அது பயமாக இல்லை, பார்க்க வடிவாகக்கூட இருந்தது என்று சொன்னால் ஏசாதீர்கள். பயம் வந்தது சூடு நின்ற பிறகு. அந்த இருட்டில் காலி வீதியால் போன ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் விமானமாகக் கேட்டது. ஒருவரும் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டு ஐயா மட்டும் மெதுவாக, "சங்கக்கார அவுட்டோ தெரியாது" என்றார். (அந்த ஆட்டமும் பார்படோஸில் கடைசியில் இருட்டுக்குள்தான் முடிந்தது.) 'அண்டர் த ஷாடோ'வில் அந்தத் தாய் படிக்கட்டில் நின்று மேலே காதைக் கொடுக்கிற இடம் வரும்போது நான் சொல்வது விளங்கும்.

அம்மா எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தவ என்றால், பங்கருக்குள் ஓடும்போது எதைத் தூக்கிக்கொண்டு ஓடினா என்று படம் முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். இரவில் பார்க்காதே என்கிறா என்றால் ஞாயிறு பின்னேரம் போடுங்கள், ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் கேட்கட்டும். பாரசீக மொழிப் படம், கீழே எழுத்து ஓடும். கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து இருக்கச் சொல்லுங்கள்.