வலது முட்டி

அன்புள்ள அக்கா,

பெங்களூரில் ஹொரமாவில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. எங்கள் டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். ஃபிளாட் லோன் வேறு. ஐந்து மாதமாக ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்கிறேன். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பத்து நாள் போட்டேன். கவலைப்படுவதே அவிசுவாசம், இதில் மாத்திரை எதற்கு என்று ஜெபக்குழு அக்கா ஒருவர் சொன்னார். நிறுத்திவிட்டேன். பைபிளில் பிலிப்பியர் 4:6 வசனத்தை தினமும் நூறு தடவை சொல்கிறேன். படபடப்பு போகவில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா? எந்த நேரத்தில், எந்தச் சங்கீதம் வாசித்து ஜெபித்தால் மனசு அடங்கும்?

எஸ். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள எஸ்.,

நேரம், சங்கீதம் பற்றியெல்லாம் என்னைக் கேட்காதே. கர்த்தர் ராகுகாலம் பார்க்கிறவர் இல்லை.

மாத்திரை விஷயத்துக்கு, நேரில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவுக்கு வயிறு சரியில்லாதபோது, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் பவுல் எழுதினார். நாளைக்கே அதே டாக்டரிடம் போய், நிறுத்திவிட்டேன் என்று ஒளிக்காமல் சொல். நடு ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணு. அரசாங்கத்தின் டெலி மானஸ், மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். உன் ஜெபக்குழு அக்கா கண்ணாடி போடுகிறவரா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது.

என் கோபம் வேறு இடத்தில். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மனப்பாரம், நெருக்கம், சோதனை, எல்லாம் இருக்கிறது. லோன் எவ்வளவு? மாசம் எவ்வளவு கட்டுகிறாய்? கையில் எத்தனை மாசத்துக்கு இருக்கிறது? ஒன்றுமே இல்லை. ஆண்டவரிடமும் இப்படித்தான் பேசுகிறாயா?

நீ நூறு தடவை சொல்கிற வசனத்தில் உன் காதில் விழுவது 'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' மட்டும்தான். அதை ஒரு பரீட்சையாக்கி, தினமும் எழுதி, தினமும் பெயிலாகிறாய். கவலைப்படுகிறேனே என்று இன்னொரு கவலை. வசனம் அங்கே நிற்கவில்லையே! உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் 'தெரியப்படுத்துங்கள்' என்றல்லவா முடிகிறது? தெரியப்படுத்த ஒரு விஷயம் வேண்டாமா? அதை எழுதிய பவுல் காவலில் கிடந்தவர். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், பதினொன்றாம் அதிகாரத்தில், சபைகளைப் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். இரண்டு இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே வேர்ச்சொல். உங்கள் குழுவில் பவுல் வந்து உட்கார்ந்தால் அவருக்கும் அவிசுவாசி பட்டம்தான்.

நாங்கள் கோலார் தங்கவயல் ஆட்கள். அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. கீழே ராக் பர்ஸ்ட் ஆனால், அதாவது அழுத்தத்தில் பாறை வெடித்தால், மேலே லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் கலகலவென்று ஆடும். அம்மா அடுப்படியிலேயே முழங்கால் போடுவாள். "ஆண்டவரே, சாம்பியன் ரீஃப், ராத்திரி ஷிஃப்டு. அவருக்கு வலது முட்டி சரியில்ல, ஓட முடியாது. பாத்துக்கோங்க." அவ்வளவுதான் ஜெபம். ஸ்தோத்திரப் பலிகளை அடுக்கவெல்லாம் அவளுக்கு நேரம் கிடையாது. விலாசம் சொல்வாள், முட்டியைச் சொல்வாள். ஆமென் சொன்ன கையோடு ஷாஃப்டுக்கு ஓடுவாள். அங்கே மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு பாதித் தெரு நிற்கும். அப்பா கூண்டிலிருந்து இறங்கும்வரை அம்மாவின் கை நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். ஜெபித்த பிறகும் நடுங்கும். அவளைப் பார்த்து விசுவாசக் குறைவு என்று சொல்ல எங்கள் சபை ஐயருக்கே துணிச்சல் வந்திருக்காது.

2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அப்பா மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி தினமும் பெங்களூர் வந்து வாட்ச்மேன் வேலை பார்த்தார். அம்மாவின் ஜெபத்தில் சாம்பியன் ரீஃப் போய் பங்காருப்பேட்டை ஜங்ஷன் வந்தது, சீசன் டிக்கெட் வந்தது, என் காலேஜ் பீஸில் மூன்றாவது தவணை வந்தது. ரூபாய் கணக்கோடு. முட்டி மட்டும் மாறவில்லை.

உன் கேள்வி எங்கேயோ போய்விட்டது. போகட்டும். ஒரு தாளை எடுத்து லோன் தொகையை எழுது. தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று எழுது. வேலை போனால் முதலில் யாரிடம் சொல்ல வெட்கப்படுவாய், அதையும் எழுது. அதைப் பார்த்துச் சத்தமாக வாசி. அழுகை வந்தால் வரட்டும்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அம்மா இப்போது டேனரி ரோடு பக்கம் என்னோடுதான் இருக்கிறாள். மெட்ரோவுக்காகப் பூமிக்கடியில் குடைந்தபோது ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் ஆடின. எழுந்து வந்து பார்த்தால் கிச்சனில் அம்மா முழங்காலில். "யாருக்கும்மா ஜெபிக்கிற? அப்பாதான் இல்லையே" என்றேன்.

"கீழ யாரோ வேலை செய்றாங்கல்ல?" என்றாள்.