பிக்கப்பைக் கரடுமுரடுப் பாதைக்குத் தயார்செய்வது: கேள்வி பதில்

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வண்டியைக் காடு, மணல், சேறு என்று நெடும்பயணத்துக்கு மாற்றியமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "எந்த பிராண்ட் நல்லது?" என்று மட்டும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். வண்டியையும் அதில் ஏறும் சுமையையும் தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: அண்ணா, புதிதாக டபுள் கேபின் பிக்கப் எடுத்திருக்கிறேன். இரும்பு பம்பர், வின்ச், லிஃப்ட் கிட், ஸ்நார்கல், கூரைக் கூடாரம் என்று பெரிய பட்டியல் வைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

பட்டியலை மடித்து வைத்துவிட்டு, முதலில் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள் தம்பி. முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக, அப்புறம் மொத்தம் என்று மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். கதவுச் சட்டத்தில் இருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ வண்டி தாங்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடையும் அச்சு எடைகளும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு.

மாதிரிக்கு ஒரு கணக்கு. டாங்க் நிறைந்த வெறும் வண்டி 2,000 கிலோ, அனுமதி 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரும்பு பம்பர் 60, வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார் உருளை) 35, பின்பக்கக் கூண்டு 120, இழுப்பறைகள் 60, ஃபிரிட்ஜும் அதில் இருக்கும் சாமானும் 45, இரண்டாவது பேட்டரி 30, கூரை ரேக் 30, கூடாரம் 65, தண்ணீர் 60, கருவிகள் 50, பெரிய டயரும் கனமான ஸ்பிரிங்கும் சேர்ந்து கூடுதலாக 40. மொத்தம் 595 ஆகிவிட்டது, இன்னும் ஆளே ஏறவில்லை. பெரியவர்கள் நான்கு பேர் 300, பைகள் 80. ஆயிரத்தில் மிச்சம் வெறும் 25 கிலோ. பட்டியலில் பாதியை வெட்ட வேண்டிய இடம் இதுதான். வண்டியில் பூட்டிய பிறகு எதையும் கழற்ற மனசு வராது.

என் வரிசை கேட்டால்: நல்ல டயர், காற்றழுத்த மானி, கம்ப்ரெசர், தரமான இழுவைக் கொக்கிகள், ஒரு மண்வெட்டி. இதோடு ஒரு பயணம் போய்விட்டு வாருங்கள். எது குறைகிறது என்று வண்டியே சொல்லும்.

கேள்வி: டயர் 265/65 ஆர்17 போட்டிருக்கிறேன். 265/70 போட்டால் என்ன ஆகும்? மட் டெரெயின் நல்லதா, ஆல் டெரெயின் நல்லதா?

265 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில், 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 17 என்பது ரிம்மின் அங்குலம். இப்போதைய டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். 70 போட்டால் 803. வண்டி உயர்வது இதில் பாதிதான், அதாவது 13 மில்லிமீட்டர். சுற்றளவு மூன்றரை சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103 போய்க்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலான ஸ்பீடோமீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் இது பெரிய சங்கடம் இல்லை. இந்த அளவு வரை நிறைய வண்டிகளில் உரசாமல் பொருந்தும். ஆனாலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தைத் திட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு மேல் போனால் பிரேக்குக்கும் கியருக்கும் வேலை கூடும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

முக்கால்வாசித் தூரம் தார்ச்சாலைதானே ஓட்டப்போகிறீர்கள்? அப்படியானால் ஆல் டெரெயின் போதும். மட் டெரெயின் சேற்றில் ராஜா. ஆனால் ஈரத் தாரில் பிடிப்பு குறைவு, இரைச்சல் அதிகம், டீசலும் கூடக் குடிக்கும். எதை வாங்கினாலும் பக்கச் சுவர் கனமான எல்டி ரகமாகப் பாருங்கள். கல் பாதையில் கிழிவது பெரும்பாலும் பக்கச் சுவர்தான். அங்கே விழுந்த கிழிசலைப் பஞ்சர் ஆணி வைத்து அடைத்தால் அடுத்த ஊர் வரை தாங்கினால் உண்டு.

கேள்வி: மணலில் காற்றை இறக்கு என்கிறார்கள். எவ்வளவு இறக்குவது? டயர் கழன்றுவிடாதா?

வண்டியில் ஒரு பைசா வேலை செய்யாமலே அதன் திறனை மாற்றிவிடும் விஷயம் இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாரில் 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால், சரளைப் பாதையில் 26 முதல் 28, மென்மணலில் 16 முதல் 18. சிக்கிக்கொண்டால் 12 வரை இறக்கலாம், வெளியே வந்ததும் ஏற்றிவிட வேண்டும். காற்றை இறக்கும்போது டயர் பக்கவாட்டில் பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். பலன் அதில் இல்லை. தரையைத் தொடும் பட்டை முன்னும் பின்னுமாக நீள்கிறது. குனிந்து பார்த்தால் முன்பு உள்ளங்கை நீளம் பதிந்த தடம் இப்போது முழங்கை நீளத்தை நோக்கிப் போவது தெரியும். எடை பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலேறிப் போகும்.

டயர் கழலுமா என்றால், கழலும். 18-க்குக் கீழே இருக்கும்போது 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தாலும் விளிம்பு ரிம்மை விட்டு வெளியே வரும். எதையும் மெதுவாகச் செய்தால் பயமில்லை.

பாதைக்கேற்ற அழுத்தம் வைத்திருக்கிறோமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. கிளம்பும் முன் குளிர்ந்த டயரில் அளந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். நான்கு பிஎஸ்ஐ அளவு ஏறியிருந்தால் சரி. அதைவிட ரொம்ப ஏறியிருந்தால் டயர் அதிகமாக வளைந்து சூடாகியிருக்கிறது, கொஞ்சம் ஏற்றுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள். கிட்டத்தட்ட ஏறவே இல்லை என்றால் இன்னும் இறக்கலாம். இது விதி அல்ல, தோராயம்.

கம்ப்ரெசர் வாங்கும்போது பேட்டரியில் நேராகக் கவ்வும் ரகமாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன ரகம் நான்கு டயரை ஏற்றி முடிப்பதற்குள் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் உங்கள் பொறுமை போகும்.

கேள்வி: நான்கு அங்குல லிஃப்ட் போட ஆசை. பட்டறையில் ஒரே நாளில் போட்டுவிடலாம் என்கிறார்கள்.

ஒரே நாளில் போட்டுவிடலாம்தான். அதற்கப்புறம்தான் தொல்லை. முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) இருக்கும் வண்டியை அவ்வளவு உயர்த்தினால், சக்கரத்தைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து வேலை செய்யும். ரப்பர் பூட் கிழியும், ஜாயின்ட் தேயும். வீல் அலைன்மென்ட் சரிப்படுத்த சஸ்பென்ஷனின் மேல் கைகளையும் மாற்ற வேண்டிவரும். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் போக, வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போய்விடும். பக்கச் சரிவில் அந்த உயரம் உங்களைப் பார்த்துச் சிரிக்காது.

40 முதல் 50 மில்லிமீட்டர் போதும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். முழு அச்சு இருக்கும் பின்பக்கத்தில் லிஃப்ட் கிட் டிஃபரன்ஷியலை (இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, சுருக்கமாக டிஃப்) ஒரு நூலிழைகூட உயர்த்தாது. அது அச்சோடு இருக்கிறது, அச்சு சக்கரத்தோடு இருக்கிறது. பாறையில் முதலில் இடிக்கும் அந்த உருண்டையை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே.

ஸ்பிரிங் வாங்கும்போது "எவ்வளவு உயரும்?" என்று கேட்காதீர்கள். "என் வண்டியில் நிரந்தரமாக இருக்கும் சுமை இவ்வளவு, அதற்கு எது?" என்று கேளுங்கள். 300 கிலோ நிரந்தரச் சுமைக்கான ஸ்பிரிங் பட்டையை வெறும் வண்டியில் போட்டால் பின்பக்கம் குதிரை மாதிரி துள்ளும்.

கேள்வி: சேஸ் வளைந்த பிக்கப் படங்களைப் பார்த்தேன். சுமை அளவுக்குள் இருந்தும் வளையுமா?

வளையும். எவ்வளவு ஏற்றினோம் என்பதோடு எங்கே ஏற்றினோம் என்பதும் கணக்கு. இரு அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின் அச்சில் 133 கிலோ ஏறும், முன் அச்சில் 33 கிலோ குறையும். டபுள் கேபினில் சாமான் ஏற்றும் தொட்டியின் பெரும்பகுதி பின் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அங்கே கூண்டு, தண்ணீர், இரண்டு ஸ்டெப்னி, போதாததற்கு டிரெய்லர் கொக்கியின் பாரம்! இத்தனையோடு வேகமாக ஒரு பள்ளத்தில் இறங்கினால், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே சேஸ் மடங்கும்.

பின்பக்கம் தாழ்கிறதே என்று பட்டைக்கும் சேஸுக்கும் நடுவே காற்றுப்பை வைப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டை தன் இரு முனைகளிலும் பங்கிட்டுக் கொடுக்கும் பாரத்தை அது நடுவில் ஒரே இடத்தில் குத்த வைக்கிறது. வண்டி பார்க்க நேராக நிற்கும், சேஸில் அழுத்தம் கூடியிருக்கும். ஓவர்லோடை மறைக்க அதைப் போடாதீர்கள். கனமானதை எல்லாம் கேபினை ஒட்டி, தாழ்வாக வையுங்கள்.

கேள்வி: அண்ணா, நானும் என் தோழியும் மட்டும் போகப்போகிறோம். வின்ச் இல்லாமல் கிளம்பலாமா? சிக்கினால் இன்னொரு வண்டி இழுத்துவிடாதா?

வின்ச் இல்லாமல் தாராளமாகக் கிளம்பலாம் அம்மா. மண்வெட்டி, இரண்டு மணல் பலகைகள், காற்றழுத்த மானி ஆகியவற்றாலேயே பெரும்பாலான சிக்கல்களிலிருந்து வெளியே வந்துவிடலாம். முதலில் காற்றை இறக்கு, அப்புறம் தோண்டு, அப்புறம் பலகை, கடைசியில்தான் இழுப்பது. நாலாபுறமும் கால் மணி நேரம் தோண்டினால் இழுக்க வேண்டிய பாரம் பெருமளவு குறைந்துவிடும்.

இன்னொரு வண்டி இழுக்கிறது என்றால் ஒன்றை மனதில் பதியவையுங்கள்: டிரெய்லர் கொக்கியின் உருண்டையில் கயிற்றை மாட்டவே கூடாது. அது உடைந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காகத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் மெல்லிய வளையமும் இழுக்க அல்ல. சேஸில் போல்ட் போட்டு, தாங்கும் அளவு பொறித்த கொக்கி மட்டுமே.

நீளும் பட்டை (ஸ்னாட்ச் ஸ்டிராப்) பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீண்டு, திரும்பச் சுருங்கும் வேகத்தில் வண்டியைப் பிடுங்கும். அறுந்தால் அந்தச் சக்தி முழுக்க ஆள்மேல் வரும். வேடிக்கை பார்ப்பவர்கள் பட்டையின் நீளத்தில் ஒன்றரை மடங்குக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்கட்டும். இரண்டு பட்டைகளை இணைக்க நடுவில் இரும்பு ஷாக்கிள் (யூ வடிவ இணைப்பு வளையம்) வேண்டாம், அறுந்தால் குண்டு போலப் பாயும்.

பிற்பாடு வின்ச் வாங்கினால், வண்டியின் முழு எடையில் ஒன்றரை மடங்கு இழுக்கும் ரகமாகப் பாருங்கள். 3,000 கிலோ வண்டிக்கு 4,500 கிலோ, ஏறத்தாழ 10,000 பவுண்டு. பெட்டியில் போட்டிருக்கும் எண் உருளையில் முதல் சுற்றுக்கு மட்டும்தான் உண்மை. கயிறு மேலே மேலே சுற்றச் சுற்ற இழுவை குறையும். ஒரு கப்பி போட்டு மடக்கி இழுத்தால் சக்தி இரட்டிக்கும், வேகம் பாதியாகும்.

கேள்வி: டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கும்போது டிஃப் லாக் எதற்கு?

டிராக்ஷன் கன்ட்ரோல் சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகுதான் பிரேக் பிடித்து மறுபக்கம் சக்தியை அனுப்பும். லாக் இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டி, ஒன்று மட்டும் தனியாகச் சுற்றவே விடாது. பள்ளம் மேடான ஏற்றத்தில் அந்த வித்தியாசம் தெரியும். பின்பக்கம் ஒன்று போதும். தாரில் போடாதீர்கள்.

கேள்வி: ஸ்நார்கல் போட்டால் எவ்வளவு ஆழம் இறங்கலாம்?

ஸ்நார்கல் காற்று உள்ளே போகும் வாயை மேலே தூக்குகிறது, அவ்வளவுதான். ஆல்டர்நேட்டர், கணினிப் பெட்டி, கதவு ரப்பர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கையேட்டில் உள்ள ஆழம்தான் இன்னமும் உங்கள் எல்லை. காற்றுப் பெட்டியின் இணைப்புகள் காற்றுப்புகாமல் பூட்டப்படவில்லை என்றால் ஸ்நார்கல் வெறும் அலங்காரம்.

இதைவிட மலிவான, முக்கியமான வேலை டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாயை நீட்டுவது. ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். குழாயை எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்விட்டால் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். ஆழமாக இறங்கி வந்தால் மறுநாள் டிஃப் ஆயிலைப் பாருங்கள். வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

நீரில் எஞ்சின் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் என்றால் என் யோசனை காத்திருப்பது.

கேள்வி: ஃபிரிட்ஜ் ஓட இரண்டாவது பேட்டரி எவ்வளவு ஆம்பியர் வேண்டும்?

வெயிலில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் சராசரி 2.5 ஆம்பியர் எடுத்தால் நாளைக்கு 60 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி ஏஜிஎம் (ஈய அமில ரகம்) பேட்டரியில் பாதியைத்தான் ஆயுள் கெடாமல் எடுக்க முடியும், ஆக ஒரு நாளுக்கே பற்றாது. அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 80 எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. எடையைக் காசு கொடுத்துக் குறைப்பதென்றால் நான் இங்கேதான் செலவழிப்பேன். ஆனால் அதை எஞ்சின் அறைச் சூட்டில் வைக்காதீர்கள். உறைபனிக் குளிரில் சார்ஜ் ஏற்றவும் கூடாது.

புதிய வண்டிகளில் ஆல்டர்நேட்டர் முதல் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜைத் தாழ்த்திவிடும். அதனால் அந்த வோல்டேஜை உயர்த்தி இரண்டாவது பேட்டரியை நிரப்பும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். ஒயர் தடிமனாக இருக்கட்டும், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்கட்டும். "ஃபிரிட்ஜ் ரிப்பேர்" என்று வருவதில் பாதி, மெல்லிய ஒயரில் வோல்டேஜ் விழுந்து ஃபிரிட்ஜ் தானே அணைந்துகொள்வதுதான்.

கேள்வி: கூரை 75 கிலோதான் தாங்கும் என்று கையேட்டில் இருக்கிறது. 65 கிலோ கூடாரத்தில் இரண்டு பேர் படுத்தால்?

அந்த 75, வண்டி ஓடும்போது உள்ள கணக்கு. நிற்கும்போது கூரை அதைவிடப் பல மடங்கு தாங்கும், நீங்கள் படுப்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்: ரேக்கின் எடையும் அந்த 75-க்குள்தான் அடங்க வேண்டும். 65-ம் 30-ம் சேர்ந்தால் 95. கரடுமுரடுப் பாதைக்கு எல்லை இன்னும் குறைவு.

கேள்வி: பம்பர் மாற்றினால் ஏர்பேக் வேலை செய்யுமா? இன்சூரன்ஸ்?

உங்கள் வண்டி மாடலுக்கென்றே ஏர்பேக்கோடு சோதித்த பம்பர் என்றால் செய்யும். வெல்டிங் பட்டறையில் செய்தது என்றால் யாராலும் சொல்ல முடியாது. செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் இன்சூரன்ஸில் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: அலைஅலையான மண்பாதையில் போனால் ஏதாவது ஒன்று கழன்றுகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் காற்றை இறக்குங்கள், பாதி அதிர்வு அங்கேயே போய்விடும். அடுத்து, இடைவேளையில் ஷாக் அப்சார்பர் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். அனல் வீசினால் உள்ளே ஆயில் இளகி, நுரைத்து, ஸ்பிரிங்கை அடக்கும் வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

கழல்வதற்கு: புதிதாகப் பூட்டியவை எல்லாம் 500 கிலோமீட்டருக்குள் ஒருமுறை தளரும். பட்டையைப் பிடிக்கும் யூ போல்ட், வீல் நட், ரேக் கால்கள், பேட்டரித் தட்டு, இந்த நான்கையும் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அப்புறம் காலையில் டார்ச் அடித்து ஒரு சுற்று வந்தாலே போதும், எந்தக் கோடு நேராக இல்லையோ அந்த நட்டுக்கு மட்டும் ரெஞ்ச் எடுங்கள்.